தாகமும் வேடிக்கையும்

நெருப்பெரிச்சலில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பனியன் தொழில் செய்பவர். பகலெல்லாம் நூல் விலையும் கப்பல் தேதியும் பேசிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் நாவல் படிக்கிறவர். அப்படிப்பட்டவர்கள் திருப்பூர்ப் பக்கத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம். சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டுக்குப் போய்வந்தார். சோபே ஆற்றங்கரையிலுள்ள தேசியப் பூங்காவில் மூன்று நாள், ஒக்கவாங்கோ நீர்வெளியில் இரண்டு நாள். ஊர் திரும்பியதும் முப்பத்தாறு பக்கத்தில் ஒரு பிரயாணக் கட்டுரை எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்க, அதை வாசித்தார். என்னைத் தலைமை வகிக்கச் சொல்லியிருந்தார்கள்.

தலைமை வகிப்பவன் பாராட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது நம்மிடையே உள்ள சம்பிரதாயம். அன்று நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. பொய் சொல்லிவிட்ட உறுத்தல் ஒரு பக்கம். கட்டுரையில் ஏதோ ஒன்று குறைகிறது, அது இன்னதென்று சொல்லத் தெரியவில்லையே என்ற தவிப்பு இன்னொரு பக்கம். கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கிவந்து இரண்டு முறை படித்தேன். படித்து எனக்குத் தோன்றியதை நண்பரின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கட்டுரை மோசமானது அல்ல. நண்பருக்குப் பார்க்கத் தெரியும். நீர்யானை நீருக்குள் மூழ்கியிருக்கையில் காதுகள் மட்டும் மேலே வந்து சிலிர்த்துக்கொள்வதை நன்றாகச் சொல்லியிருக்கிறார். யானைக் கூட்டம் ஆற்றை நீந்திக் கடக்கும் இடம் இன்னும் நன்றாக இருக்கிறது. தும்பிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு அவை கரையேறும் காட்சியைப் படிக்கும்போது நாமே படகில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. ஆனால் இவற்றுக்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக ஒரே பட்டியல். முதல் நாள் இருநூறு யானை, நாற்பது எருமை, ஏழு முதலை. இரண்டாம் நாள் சிங்கம் தென்படவில்லை, அதனால் அந்த நாள் சப்பென்று போயிற்று. மூன்றாம் நாள் சிங்கம் கிடைத்தது, கட்டணம் வசூலாயிற்று. "கட்டணம் வசூலாயிற்று" என்பது அவர் எழுதிய சொல்தான், நான் சேர்த்ததல்ல.

காட்டைப் பார்த்துவிட்டு வருகிறவனிடம் நாம் கேட்கிற முதல் கேள்வியே "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். எழுதுகிறவனும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறான். பத்திரிகைகளில் வரும் முக்கால்வாசிப் பிரயாணக் கட்டுரைகளின் கதி இதுதான். தொலைக்காட்சியில் வரும் ஆப்பிரிக்கப் படங்களும் இந்தப் பழக்கத்தைக் கெட்டிப்படுத்தியிருக்கின்றன. சிங்கம் பாயாத படத்தை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் நாம் பார்ப்பதில்லை.

நண்பரின் கட்டுரையில் எனக்குக் குறையாகப் பட்டது என்ன? முப்பத்தாறு பக்கத்தில் தண்ணீர் இல்லை. ஆறு என்ற சொல் இருக்கிறது. படகு போவதற்காக இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே கண்ட அத்தனை அதிசயத்துக்கும் மூலம் அந்தத் தண்ணீர்தான்.

ஆகஸ்டு அங்கே மழையில்லாத மாதம். நவம்பரிலிருந்து மார்ச்சு வரைதான் மழை. மழை ஓய்ந்த பிறகு உட்காட்டிலுள்ள குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். வற்ற வற்ற, யானையும் எருமையும் மானும் சோபே ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கும். அதனால்தான் பிரயாண ஏற்பாடு செய்கிறவர்கள் அந்த மாதங்களைச் சிபாரிசு செய்கிறார்கள். போட்ஸ்வானாவில் 2022 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் யானைகள் உண்டு. மழைக்காலத்தில் போயிருந்தால் அவற்றில் பல உட்காட்டில் சிதறிப் போயிருக்கும். நண்பர் படகில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருப்பார். அவர் "கண்கொள்ளாச் செழிப்பு" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாரே, அது செழிப்பு அல்ல; தாகம். ஒரு நாட்டின் தாகம் முழுவதும் ஒரே கரையில் வந்து நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வேடிக்கை என்று எழுதியிருக்கிறார்.

ஒக்கவாங்கோவின் சங்கதி இதைவிட விசித்திரம். அந்த ஆறு கடலுக்குப் போவதே இல்லை. அங்கோலா நாட்டு மேட்டு நிலத்தில் பெய்த மழை, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்துவந்து கலஹாரி மணல்வெளியில் விரிந்து, அங்கேயே ஆவியாகவும் மணலுக்குள்ளும் மறைந்து போகிறது. உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத வறட்சி மாதத்தில் அங்கே வெள்ளம் வருகிறது! ஒரு கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நண்பர் அந்த வெள்ளத்தின்மேலேதான் ஓடத்தில் போயிருக்கிறார். எழுதியிருப்பது, ஓடக்காரன் சிரித்த முகத்தோடு இருந்தான் என்பது.

இன்னொன்று. சோபே ஆற்றின் நடுவில் ஒரு தீவு. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன என்று அரைப் பக்கம் வர்ணித்திருக்கிறார். அந்தத் தீவுக்குப் போட்ஸ்வானாக்காரர்கள் செடுடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்க்கரை நமீபியாக்காரர்கள் கசிகிலி என்கிறார்கள். ஆண்டில் சில மாதம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அந்தப் புல்திட்டு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தேசங்களும் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை போய் வழக்காடின. 1890-ல் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கையில் ஆற்றின் பிரதான கால்வாய்தான் எல்லை என்று இருக்கிறது. தீவின் வடக்கே ஓடுவது பிரதானமா, தெற்கே ஓடுவது பிரதானமா? 1999 டிசம்பரில் வடக்குக் கால்வாய்தான் என்று தீர்ப்பாகித் தீவு போட்ஸ்வானாவுக்குப் போயிற்று. எருமைகளுக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கலாம். வாய்க்கால் வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் நிறைந்த கொங்குநாட்டிலிருந்து போனவருக்கு, அந்தத் தீவு ஒரு பழகிய முகமாக அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

முதலை விஷயத்திலும் இப்படித்தான். முதலையைக் கண்டதும் "மரக்கட்டை போலக் கிடந்தது" என்று எழுதுகிறார். உலகத்தில் முதலையைப் பார்த்த எல்லோரும் எழுதிய வாக்கியம். நெருப்பெரிச்சலிலிருந்து அவிநாசி எவ்வளவு தூரம்? அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட கதையைப் பாட்டி மடியில் கேட்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் உண்டா? நல்லாற்றங்கரையில் பிறந்தவருக்குச் சோபே ஆற்று முதலையைப் பார்த்ததும் அந்தப் பாலகன் ஞாபகம் வரவில்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை. வந்திருக்கும். கட்டுரைக்கு அது சரிப்படாது, பாமரத்தனமாக இருக்கும் என்று ஒதுக்கியிருப்பார்.

அப்படி ஒதுக்குகிறவர் அவர் என்பதற்குக் கையெழுத்துப் பிரதியிலேயே சாட்சி கிடைத்தது. ஆற்றில் இறங்கி நின்றுவிட்டுக் கரையேறும் யானையைப் பற்றி ஒரு வாக்கியம். வயிற்றுக்குக் கீழே நனைந்து கறுப்பாகவும் மேலே புழுதி படிந்து வெளிறியும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல யானை நின்றது. சாயத் தொட்டியில் பாதி முக்கி எடுத்த துணிபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். முப்பத்தாறு பக்கத்தில், உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வாக்கியம் இது ஒன்றுதான். அதைப் பென்சிலால் அடித்திருக்கிறார். மாடியில் வாசிக்கும்போதும் விட்டுவிட்டார்.

இங்கே கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். பறவையைப் பார்த்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட தனிப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தப் பாட்டிலுள்ள நாரை தெற்கே குமரிக்குப் போய்விட்டு வடக்கே திரும்புகிற பறவை. அதன் அலகுக்குப் புலவர் சொல்லும் உவமை பனங்கிழங்கு. வலசைப் பறவையின் திசையும் தெரிகிறது, அலகின் நிறமும் பிளவும் தெரிகிறது. பறவை நூல் படித்து வந்த அறிவல்ல இது. குளிரில் வாடிக்கொண்டு, ஊரிலிருக்கும் மனைவிக்குச் சேதி சொல்ல ஆளில்லாமல் நின்றவன் பார்த்த பார்வை. அந்தப் பறவையால் அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அதனால் அதை நன்றாகப் பார்த்தான்.

பிற்காலத்தில் பிரயாணம் எழுதினவர்களில் ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதற்காகத் தென் ஆப்பிரிக்கா உள்பட உலகத்தைச் சுற்றியவர். எவ்வளவு தூரம் போனாலும் அவர் கண் மனிதர்களை விட்டு நகராது. சின்ன வாக்கியம், சின்ன விஷயம். காட்டு உயிர்களைப் பற்றித் தமிழில் எழுதியவர்களில் மா. கிருஷ்ணனுக்கு இணை சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரையில் ஆங்கிலத்தில் விடாமல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியும். தமிழிலும் எழுதியிருக்கிறார் என்பது சிலருக்கே தெரியும். அந்தக் கட்டுரைகளைத் தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாகக் கொண்டுவந்தார். யானையைப் பற்றி எழுதும் அதே மரியாதையோடு கொல்லைப்புறத்து அணிலைப் பற்றியும் எழுத முடியும் என்று காட்டியவர் கிருஷ்ணன். அவருக்கு அபூர்வம், சாதாரணம் என்ற பேதம் கிடையாது. எதையும் எண்ணிக் காட்டி நம்மைப் பிரமிக்க வைக்க வேண்டிய அவசியமும் கிடையாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வர்றீங்களா? ஒரு எடத்துக்குப் போலாங்க" என்றார்.

போன இடம் நஞ்சராயன் குளம். அவர் வீட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கமிருந்து வரும் நல்லாற்றின் தண்ணீர் வந்து தேங்குகிற குளம் அது. நல்லாறு நொய்யலின் துணையாறு. பல நூற்றாண்டுகளுக்கு முன்னே இந்தப் பகுதியை ஆண்ட நஞ்சராயன் செப்பனிட்டதால் அவன் பெயர் நிலைத்தது. பரப்பு சுமார் 126 ஹெக்டேர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சர் என்ற ஊரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, காப்பாற்ற வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒக்கவாங்கோ அதே பட்டியலில் முன்பே இருக்கிறது. நம் பனியன்காரர் விமானம் ஏறிப் போய்ப் பார்த்ததும், அவர் வீட்டுக்குக் கிழக்கே கிடப்பதும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அதை நான் சொன்னபோது அவர் சிரித்தார்; சந்தோஷச் சிரிப்பு அல்ல.

விடிந்தும் விடியாத நேரம். நீரின் நடுவே நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. கூழைக்கடாக்கள் ஐந்தாறு. கரையோரச் சேற்றில் பவளக்காலிகள் சிவப்புக் கால்களை எடுத்து எடுத்து வைத்து நடந்தன. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வடதேசத்து வாத்துகள் வரும் குளம் இது. மொத்தம் 191 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் ஒரு நாற்றம் வந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. நண்பரைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். "எத்தன கோடையானாலும் இந்தக் கொளம் வத்தறதில்லீங்க. ஊருத் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து சேருது" என்றார். ஊர்த் தண்ணீர் என்றால் எது என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. மழை மறைவுப் பூமியான கொங்குநாட்டில் வற்றாத குளம் என்றால் பறவைகள் வராமல் என்ன செய்யும்? சோபே ஆற்றங்கரையில் யானைகள் வந்து நின்ற அதே கணக்குதான். பறவை வருவதைக் கண்டு தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நாம் சான்று எழுதிக்கொள்ள முடியாது. பவளக்காலி போன்ற பறவைகள் சாக்கடைத் தேக்கத்திலும் சளைக்காமல் வாழும். வேடந்தாங்கலில் நிலைமை வேறு. அங்கே பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்டு, 1798-லேயே கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள் கிராமத்து மக்கள். அவர்களுக்கும் பறவைக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. நமக்கும் நஞ்சராயன் குளத்துப் பறவைக்கும் இருக்கிற கொடுக்கல் வாங்கலை எழுதப்போனால் நாம் கொடுத்ததை எழுத வேண்டியிருக்கும்.

நண்பர் குளத்துக்குத் தண்ணீர் வருகிற பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். "இதுக்கு மேல கொஞ்ச தூரத்துலதாங்க எங்க பட்டற இருந்துச்சு" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் மூடப்பட்டன. நொய்யலின் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் பல ஆண்டு நடத்திய வழக்கு அது. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தொட்டியாக மாறி, அதன் தண்ணீர் பாய்ந்த நிலமெல்லாம் உப்புப் பூத்துப்போனதை நாடே அறியும். கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு பிறகு பல பட்டறைகள் திறந்தன. நண்பர் திறக்கவில்லை. கட்டிங், தையலோடு நிறுத்திக்கொண்டார். இவ்வளவையும் அவர் ஐந்து நிமிஷத்தில் சொன்னார். அப்புறம் சொன்ன வாக்கியத்தை நான் அன்றே குறித்துவைத்தேன்.

"அன்னைக்கெல்லாம் வெள்ளைக்காரன் ஊருல அந்த வருஷம் என்ன கலர் ஓடுதுன்னு பேப்பர் பாக்க வேண்டாங்க. காலையில இந்த வாய்க்கால எட்டிப் பாத்தாப் போதும்."

முப்பத்தாறு பக்கத்தில் தண்ணீர் ஏன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீரைப் பற்றி எழுதத் தொடங்கினால் பேனா எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவருக்குத் தெரியும். விமரிசகன் என்ற ஹோதாவில் மாடியில் உட்கார்ந்து "பார்க்கத் தெரிந்தவர், ஆனால் தண்ணீரைப் பார்க்கவில்லை" என்று நான் கட்டிய தீர்ப்பு அவ்வளவு சுலபமானதல்ல. அவர் பார்க்காதவர் அல்ல. பார்த்துப் பார்த்துக் கண் கூசிப் போனவர்.

என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுதிய நாவல்களில் நொய்யல் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் நிலா வெளிச்சம், மணல், ஒரு காதல் ஜோடி. எழுதிய ஆண்டில் அந்த ஆற்றில் ஊதா நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். மணலை என் சிறுபிராயத்து ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசகர்கள் கடிதம் எழுதினார்கள், வர்ணனை பிரமாதம் என்று. நண்பர் செய்தது போட்ஸ்வானாவுக்குப் போய் ஒளிந்துகொண்டது என்றால், நான் செய்தது பழைய நிலாவில் ஒளிந்துகொண்டது. செலவு எனக்குக் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பனியன் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து இதைப் படிக்கும் வாசகருக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிக் கேட்டேன். ஏன் அடித்தீர்கள்? "யானைய அத்தன தூரம் போய்ப் பாத்துட்டு, சாயத் தொட்டின்னு எழுதுனா நல்லாவா இருக்கும்? படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். படிக்கிறவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடை வரை வாதாடிக்கொண்டே வந்தோம்.

இது நடந்து இரண்டரை மாதம் ஆகிறது. போன வாரம் தபாலில் ஒரு உறை வந்தது. முப்பத்தாறு பக்கம் பதினொன்றாகச் சுருங்கியிருக்கிறது. சிங்கம் போய்விட்டது. தீவு இருக்கிறது, எருமைக்குப் பக்கத்தில் ஹேக் நகரமும் வந்திருக்கிறது. நான்காம் பக்கத்தில் அங்கோலா மழை நடக்கத் தொடங்கி, ஆறாம் பக்கத்தில் நல்லாற்று வாய்க்காலில் வந்து இறங்குகிறது. அந்த இறக்கம் இன்னும் முரடாக இருக்கிறது. ஒரு பத்தி குறைகிறது என்று நினைக்கிறேன். பட்டறை மூடிய நாளைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் எழுதியிருக்கிறார். இன்னும் எழுதுங்கள் என்று ஓரத்தில் குறித்தேன். பிறகு யோசித்து அந்தக் குறிப்பை அழித்துவிட்டேன். பவளக்காலியைக் கொக்கு என்று எழுதியிருந்ததை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினேன். பாதி முக்கிய துணி போன்ற யானை ஒன்பதாம் பக்கத்தில் நிற்கிறது.